காலியாக விட்ட அறை

வேலூரில் மகள் வீட்டில் நான்காவது தோசைக்குக் கை நீட்டியபோது தந்தி வந்தது. "தணிகாசலம் ட்ரவுண்ட் டேங்க். ஸ்டார்ட்." வடநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய மாப்பிள்ளை அதை வாங்கிப் படித்தார்.

"மூழ்கிட்டாராமே. எந்த டேங்க் மாமா, மொட்டைமாடித் தொட்டியா?"

"எங்க ஊர்ல டேங்க்னா ஏரிதான் மாப்ளே."

சொன்ன பிறகுதான் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். இதே வார்த்தைகளை முன்பு ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்தான் போய்விட்டார்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் உரக்கடைக்கு மேலே எங்கள் டுடோரியல். பத்தாம் வகுப்பில் தவறியவர்களைத் தேற்றி அனுப்புவது தொழில். எஸ்தர் டீச்சர் தட்டச்சு, நான் சரித்திரம். ஊர் வம்பு என்ற கூடுதல் பாடத்தையும் சம்பளமில்லாமல் நடத்திவந்தேன். ஆங்கிலத்துக்கு மானாம்பதிக்காரர் தணிகாசலம். தனி மனிதர், அதிகம் பேசமாட்டார்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. கம்ப்யூட்டர் ஆங்கில வாக்கியத்தைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். அதற்கு இலக்கணம் போதாது, உலக விஷயமும் வேண்டும் என்பார். வினைச்சொல் ஒவ்வொன்றுக்கும் கரும்பலகையில் ஒரு கட்டம் போடுவார். உள்ளே யார், எதை, எதால், எங்கே, ஏன் என்று அறைகள். பொருள்களுக்கும் கட்டங்கள் உண்டு. கரண்டி என்றால் கருவி, சாம்பார் என்றால் உணவு. எல்லாவற்றையும் அம்புக்குறி போட்டு இணைப்பார். கம்ப்யூட்டரை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே மாலையில் வகுப்பு முடிந்ததும் எங்களையே அறைகளாக உட்காரவைப்பார். எனக்குக் கிடைத்தது 'எதால்'.

'முருகன் ஏட் ரைஸ் வித் எ ஸ்பூன்' என்று எழுதினார். 'வித்' வந்ததும் கரண்டியை என் அறைக்கென்று பிடித்துக்கொண்டேன். அடுத்து, 'வித் சாம்பார்.' அதையும் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் சார், உங்க வூட்ல கரண்டியே கிடையாதா? சாம்பாராலதான் சோத்த அள்ளுவீங்களா?" என்றார் எஸ்தர் டீச்சர்.

தணிகாசலம் முகம் மலர்ந்துவிட்டது. "இதான் டீச்சர் விஷயம். சாருக்கு 'வித்' தெரியுது, சாம்பார் இன்னான்னு தெரியல. கம்ப்யூட்டரும் நம்ம சார் மாதிரிதான் கீது." என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே விஞ்ஞானப் பாராட்டு அது.

இன்னொரு நாள், 'ஜன்னல் உடைக்கப்பட்டது' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம். உடைத்தது யார் என்று அதில் இல்லை. நான் எழுந்து போய் 'யார்' அறையில் உரக்கடைக்காரரின் மச்சானை எழுதினேன்.

"வாக்கியம் சொல்லிச்சா சார்?"

"ஊரே சொல்லிக்கினு கீது."

"ஊர் சொல்லிக்கினு போவட்டும். தெரியாதத காலியா வுடுங்க. காலி அறை பொய் சொல்லாது" என்று மச்சானை அழித்தார்.

சென்னைக் கல்லூரி ஒன்றில் இதே ஆராய்ச்சி நடப்பதாக அறிந்து எழுதிப் போட்டார். செய்து காட்டினால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் அவரைப் பார்த்தது சென்னைக்குக் கிளம்பிய அன்றுதான். துணைக்கு நானும் போனேன். அவருடைய கட்டங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஸ்பூனும் சாம்பாரும் தேறின. பிறகு அங்கிருந்த ஒருவர் தன் பங்குக்கு ஒரு வாக்கியம் கொடுத்தார்: 'சோல்ஜர் டேங்கிலிருந்து ஏறி வெளியே வந்தார். அவர் எப்படியிருக்கிறார்?'

கம்ப்யூட்டர் பதில் அடித்தது: நனைந்திருக்கிறார்.

அறையே சிரித்தது. "யுத்த டேங்க் தெரியாதா சார்?" என்றார் வாக்கியம் கொடுத்தவர்.

"எங்க ஊர்ல டேங்க்னா ஏரிதான் சார்" என்றார் தணிகாசலம். "மதகு, கரை, கலங்கல் எல்லாம் போட்டிருக்கேன்." அதற்கு இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் எனக்குத் தெரிந்த வேடிக்கைகளை எல்லாம் அவிழ்த்துவிட்டேன். செங்கல்பட்டு தாண்டியதும் சொன்னார்: "கம்ப்யூட்டர் தப்பு பண்ணல சார். நான் பார்த்த உலகம் அவ்ளோதான்."

கல்லூரியிலிருந்து பதிலே வரவில்லை. சில வருடங்கள் புதுக் கட்டங்கள் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு அதுவும் நின்றது. சாயங்காலங்களில் தனியாக ஏரிக்கரைப் பக்கம் நடப்பார். கூப்பிட்டால், "வர்றேன் சார், நீங்க போங்க" என்பார்.

வேலூரிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. டீக்கடையில் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. "தவறி வுழுந்துட்டாரு" என்றது ஒரு கட்சி. "செருப்ப கரையிலயே வுட்டுகீறாரே, தானாதான் எறங்கிகீறாரு" என்றது மற்றது. "காலு கழுவ எப்பவும் அங்கதான்யா வுடுவாரு" என்றது முதல் கட்சி. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "உங்களுக்குத் தெரியாததா சார்?"

தந்தி கொடுத்த எஸ்தர் டீச்சரிடம் கேட்டேன். "தெரிஞ்சிருந்தா தந்தியில சொல்லியிருப்பேனே சார். தெரியாமதான் அந்த வார்த்தைய போட்டேன்" என்று கண்ணைத் துடைத்தார். மூழ்கினார் என்ற சொல் விழுந்தவருக்கும் பொருந்தும், இறங்கியவருக்கும் பொருந்தும். அவரிடம் பாடம் கேட்டவர்கள் நாங்கள்.

மாடிக்குப் போய்க் கரும்பலகையில் ஒரு கட்டம் போட்டேன். யார், எங்கே இரண்டையும் எழுதினேன். 'ஏன்' அறைக்கு வந்ததும் கை நின்றது. அதில் போட என்னிடம் நூறு கதை இருக்கிறது. சென்னையும் அந்தச் சிரிப்பும் முதலில் வந்து நிற்கின்றன.

எழுதவில்லை. அதனால் மனதுக்கு ஆறுதல் எதுவும் கிடைத்துவிடவில்லை.

போய் வாருங்கள், தணிகாசலம். அறை காலியாகவே இருக்கிறது.