தட்டாமலே பச்சையான பெயர்கள்

1. திங்கட்கிழமை, இரண்டரை மணி

பள்ளி வேன் ஓட்டும் சேகர் அண்ணன் அழைத்தபோது அலுவலகத்தில் நான் மட்டும் இருந்தேன்.

"தங்கச்சி, உங்க ஆப்புல வினிஷா ஏறியாச்சுன்னு பச்சையா காட்டுது. வேன்ல புள்ள இல்லலா!"

திரையை இன்னொரு முறை பார்த்துச் சொல்லும்படி கேட்டேன். ஒரு குழந்தையைக் காணவில்லை என்று ஒருவர் சொல்லும்போது கேட்கக்கூடிய கேள்வியா அது என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

"பார்த்துட்டேன்மா. பதினாலு பேரும் பச்ச. கடைசி ஸ்டாப்புல, தோட்டத்துச் சந்தியில நிக்கிறேன். திரும்பிப் பாத்தா அவ சீட்டு காலி. கூட எறங்குற புள்ளைய கேட்டா, அவ ஏறவே இல்ல அங்கிள்ங்குது. இப்பதான் வாயத் தொறக்குது!"

"ஸ்கூலுக்குப் போன் பண்ணீங்களா அண்ணே?"

"அடிச்சிட்டேன், யாரும் எடுக்கல. நான் திரும்பிப் போறேன். நீ அவங்க அம்மாவுக்குச் சொல்லிரு."

வினிஷாவுக்கு எட்டு வயது, இரண்டாம் ஆண்டு மாணவி. ஆயர் தாவார் என்ற சிற்றூரில் ஒரு தமிழ்ப் பள்ளியில் படிக்கிறாள். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய்க்கான செம்பனையாகிவிட்ட இடத்தில் அவளுடைய வீடு. அவள் அம்மா புனிதா பக்கத்து ஊரான சித்தியவானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். என் கணினியில் அவருடைய எண் இருந்தது. அதற்கு முன் அந்த எண்ணுக்கு நான் குறுஞ்செய்தி மட்டுமே அனுப்பியிருக்கிறேன். அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன சொல்றீங்க? ஏறிட்டான்னு மெசேஜ் வந்திருக்கே! படிக்கிறேன் கேளுங்க. தங்கள் பிள்ளை பாதுகாப்பாக வண்டியில் ஏறிவிட்டார். இது நீங்க அனுப்புனதுதானே?"

நான் எழுதியதுதான். 'ஏறிவிட்டான்', 'ஏறிவிட்டாள்' என்று பிரிக்காமல் மரியாதைப் பன்மையில் அமைக்கலாம், 'பத்திரமாக' என்பதைவிடப் 'பாதுகாப்பாக' பொருந்தும் என்றெல்லாம் யோசித்து, அரை நாள் செலவழித்து எழுதிய வாக்கியம். அதில் ஒரு பிழையும் இல்லை. அன்று அது பொய்யாக இருந்தது, அவ்வளவுதான்.

"அக்கா, மெசேஜ் தப்பா வந்திருச்சு. வேன் திரும்பிப் போயிருக்கு" என்றேன்.

அவருக்குப் பின்னால் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

சந்தியிலிருந்து பள்ளிக்கு இருபத்தைந்து நிமிடம். அந்த நேரத்தில் நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. எழுந்து நின்றேன். பிறகு உட்கார்ந்து, முந்தைய வாரம் நான் மாற்றிய ஆப்பின் நிரலை, எங்கள் பேச்சில் 'கோடு', திறந்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

2. ஒரே ஸ்கிரீன்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுவதால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

எங்கள் நிறுவனம் ஈப்போவில் பழைய கடை வரிசை ஒன்றின் மாடியில் இருக்கிறது. நான்கு மேசைகள். நான் சேர்ந்தபோது நான்கிலும் ஆள் இருந்தது. முதலாளி ரூபன் கோலாலம்பூருக்குப் போய்விட்டார். மற்ற இருவரும் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். வார இறுதியில் தமிழ் இலக்கியம் படிக்கும் வகுப்பு, மற்ற நாள்களில் இந்த மேசை என்பது என் ஏற்பாடு. வாடகை அறையில் இணையம் சரியில்லாததால் நான் மட்டும் அலுவலகம் வருவேன். காலையில் ஏர்கானைப் போடுவேன், மாலையில் அணைப்பேன். இடையில் வாய் திறந்து பேச வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. அலுவலக அரட்டைக் குழுவில் என் பெயர் டெவ்-2, அதாவது இரண்டாவது டெவலப்பர். ரூபன் எனக்கு அனுப்பும் செய்திகளெல்லாம் 'டெவ்-2, இதைப் பார்க்கவும்' என்று தொடங்கி அங்கேயே முடிந்துவிடும்.

பள்ளி வேன் ஆப்பை நான் தனியாகச் செய்தேன். அதில் இரண்டு டேப், அதாவது இரண்டு பிரிவுகள்: காலை, மதியம். எந்த டேப்பைத் திறந்தாலும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் வரும். பிள்ளை ஏறியதும் ஓட்டுநர் அந்தப் பெயரைத் தட்ட வேண்டும், பெயர் பச்சையாகும். எல்லாரும் ஏறியபின் 'புறப்பாடு' பட்டனை அழுத்தினால், பச்சையான பெயர்களுக்கு உரிய பெற்றோருக்குச் செய்தி போகும்.

முதலில் இரண்டு டேப்புக்கும் இரண்டு ஸ்கிரீன் எழுதியிருந்தேன். காலை ஸ்கிரீனை எழுதி முடித்து, அதை அப்படியே நகலெடுத்து, தலைப்பை மட்டும் 'மதியம்' என்று மாற்றியிருந்தேன். ரூபன் அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"ஒரே ஸ்கிரீனை எதுக்கு ரெண்டு தடவ வச்சிருக்க? ஒரு பட்டன் கலர் மாத்தணும்னா ரெண்டு எடத்துல மாத்துவியா? ஒண்ணா எழுதி ரெண்டு டேப்லயும் ரீயூஸ் பண்ணு."

அவர் சொன்னது சரி. நகலெடுத்த கோடில் ஓரிடத்தில் திருத்தி, மற்றோரிடத்தில் மறந்துபோவது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. ஒரு வாரம் உட்கார்ந்து இரண்டையும் ஒன்றாக்கினேன். கோடு பாதியாகக் குறைந்தது. ரூபன் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார். சேகர் அண்ணனுக்கும் அவரே குரல்செய்தி போட்டார்: "அண்ணே, திங்கக்கெழம புது வெர்ஷன் வருது. வேலை பாதியா கொறையும், பாருங்க."

குறைந்தது என்னுடைய வேலை. அண்ணன் அதைத் தன்னுடைய வேலை என்று எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில் நான் கண்டுபிடித்தது இது. ஸ்கிரீனை ஒன்றாக்கியபோது, எந்தெந்தப் பெயர் தட்டப்பட்டது என்ற குறிப்பையும் ஒன்றாக்கிவிட்டேன். இதை ஸ்டேட் என்போம். ஸ்கிரீன் என்பது வருகைப்பதிவுத் தாளின் அச்சு மாதிரி, அதை ஒன்றாக வைத்துக்கொள்வது நல்லது. அந்த அச்சிலிருந்து காலைக்கு ஒரு தாள், மதியத்துக்கு ஒரு தாள் என்று எடுத்துக்கொள்ளலாம். நான் ஒரே தாளை எடுத்து இரண்டு டேப்பையும் அதைப் பார்க்க வைத்திருந்தேன். காலையில் வீட்டு வாசலில் ஏறிய பதினான்கு பேரும் மதியம் பள்ளி வாசலில் ஏறுவதற்கு முன்பே ஏறியவர்களாக இருந்தார்கள்.

சோதித்துப் பார்க்காமல் வெளியிட்டேனா என்றால், இல்லை. காலை டேப்பில் எல்லாப் பெயரையும் தட்டிப் பார்த்தேன். ஆப்பை மூடினேன். மறுபடி திறந்து, மதியம் டேப்பில் தட்டிப் பார்த்தேன். ஆப்பை மூடியதும் குறிப்பு அழிந்துவிடும் என்பதால் இரண்டும் சரியாகவே வேலை செய்தன. ஓட்டுநர் காலையில் திறந்த ஆப்பை மதியம் வரை மூடவே மாட்டார் என்பது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு ஐம்பத்தெட்டுக்குப் போன் வந்தது.

"கெடச்சிட்டா. ஸ்கூல் வாசல் பெஞ்சுலதான் உக்காந்திருக்கா. அம்மாகிட்ட பேச வச்சிட்டேன்."

"அழுதாளா அண்ணே?"

"இல்லலா. அழுதிருந்தா யாராச்சும் பார்த்திருப்பாங்கல்ல?"

அன்று மாலையே இரண்டு தாளையும் பிரித்தேன். ஸ்கிரீன் ஒன்றுதான், குறிப்பு மட்டும் டேப்புக்கு ஒன்று. பன்னிரண்டு வரி மாற்றம்.

3. பெயர் கூப்பிடும் நேரம்

ஆயர் தாவாருக்கு நேரில் போய்ச் சோதிக்கிறேன் என்று ரூபனிடம் சொன்னேன்.

"அவ்ளோ தூரம் எதுக்கு? இங்கருந்தே டெஸ்ட் பண்ணலாமே."

"இங்கருந்துதான் போன தடவையும் டெஸ்ட் பண்ணேன்" என்றேன். "சரி, போயிட்டு வா" என்றார். அவரிடம் நான் அதிகமாகப் பேசியது அன்றுதான்.

புதன்கிழமை காலை லுமுட் போகும் பஸ்ஸில் ஏறி ஆயர் தாவாரில் இறங்கினேன். இரு பக்கமும் செம்பனை வந்துகொண்டே இருந்தது. பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை, பை என் மடியில் இருந்தது. பள்ளி வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. வெள்ளை வேன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

சேகர் அண்ணனை அப்போதுதான் முதன்முதலில் பார்த்தேன். குரலை வைத்துப் பெரிய உருவமாக எண்ணியிருந்தேன். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா.

"நீதானா அது! குரலக் கேட்டா ஏதோ ரிட்டையர்டு டீச்சர்னு நெனச்சேன். சாப்டியா?"

நான் தயாரித்து வைத்திருந்த மன்னிப்பைச் சொன்னேன். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆப்பு தப்பு பண்ணுச்சு, சரி. நான் திரும்பிப் பார்க்கலியே, அது யாரு தப்பு? இருவது வருசமா பேரு கூப்பிட்டுத்தான் ஏத்துவேன். அன்னிக்கு எல்லாம் பச்சையா இருக்கவும், அடடே, அதுவே பார்த்துக்குது போலன்னு விட்டுட்டேன். மழை வேற. ஹாரன் அடிச்சேன், எல்லாம் ஓடியாந்து ஏறிருச்சுங்க."

மணி அடித்தது. பிள்ளைகள் வந்து, வாசலை ஒட்டிய கூரைக்கடியில் சிமெண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கடைசியாக வந்து ஓரத்தில் உட்கார்ந்தவள் வினிஷா என்று அண்ணன் சொல்லாமலே தெரிந்தது. புத்தகப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நானும் அப்படித்தான் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன்.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குழந்தைகளிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று எனக்குத் தெரியாது. அதனால் கேட்க வந்ததையே கேட்டேன்.

"அன்னிக்கு நீ எங்கம்மா இருந்த?"

"இங்கதான்."

"இந்த பெஞ்சுலயா? வேன் நின்னப்போ?"

தலையை ஆட்டினாள்.

"அப்பறம் ஏன் ஏறல?"

என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்பது போன்ற பார்வை.

"அங்கிள் பேரு கூப்பிடல. கூப்பிட்டாதான் ஏறணும். வேன் போயிருச்சு. இன்னிக்கு என் பேரு இல்லன்னு நெனச்சேன்."

"டீச்சர் யாரும் பார்க்கலியா?"

"ஒரு டீச்சர் வேன் வருமான்னு கேட்டாங்க. வரும்னு சொன்னேன்."

அண்ணன் வேன் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவருக்கும் அது கேட்டது. சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே வைத்தார். பிள்ளைகள் முட்டி மோதி ஏறக்கூடாது என்பதற்காக அவரே போட்ட விதி அது. அந்த மழையில் அதை மறக்காமல் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

அவர் கைபேசியை எடுத்து மதியம் டேப்பைத் திறந்தார். நான் எட்டிப் பார்த்தேன். ஒரு பெயரும் பச்சையாக இல்லை.

"சரி, ஆரம்பிக்கலாமா? கிரிஷன்!"

"ஆடா!" என்று கத்திக்கொண்டு ஒரு பையன் எழுந்து ஓடினான். இருக்கிறேன் என்பதற்கு மலாய்ச் சொல். அண்ணன் தட்டினார், பெயர் பச்சையானது.

"ஷாமினி!"

"ஆடா!"

"லோகேஸ்! டேய், காலணியப் போட்டுட்டு வாடா."

"ஆடா அங்கிள், ஒண்ணுதான் ஆடா, இன்னொண்ணக் காணோம்!"

பெஞ்சு முழுவதும் சிரித்தது. "வினிஷா!" என்று கூப்பிட்டபோது மட்டும் அண்ணன் குரலை உயர்த்தவில்லை. அவள் எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில் "ஆடா" என்றாள். அவள் இருக்கையில் உட்காரும்வரை அவர் தட்டாமல் காத்திருந்தார்.

பதினான்கு பெயரும் முடிந்து பெஞ்சு காலியானது. நான் குறிப்பேட்டில் 'சரி' என்று எழுதினேன். அண்ணன் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதிவதனி!"

நான் நிமிர்ந்தேன்.

"மதிவதனி! ம்ஹூம், இன்னிக்கும் இல்ல" என்றார் வேனைப் பார்த்து.

"ஆப்சென்ட்!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்.

"யாரு அண்ணே அது?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும்.

"அதான் தெரியல தங்கச்சி. ஆப்பு வந்த நாள்லேர்ந்து கடைசியா இந்தப் பேரு ஒண்ணு நிக்குது. அட்ரஸும் இல்ல. புதுசா சேரப்போற புள்ளையோ என்னவோன்னு, தினம் ஒரு தடவ கூப்பிட்டுப் பார்த்துருவேன். பேரு இருக்கே, கூப்பிடாம எப்படி?"

ஆப்பைச் செய்துகொண்டிருந்தபோது, பட்டியல் சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு பெயர் தேவைப்பட்டது. என் பெயரைப் போட்டேன். வெளியிடும் முன் அதை அழிக்க மறந்திருந்தேன். ஈப்போ மாடியில் நான் டெவ்-2 ஆக இருந்த அத்தனை நாளும், நான் பார்த்திராத ஒரு பள்ளி வாசலில் ஒருவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, பதில் வராமல் வேனை எடுத்திருக்கிறார்.

"ஆடா" என்றேன்.

அண்ணன் காதைச் சாய்த்தார். நான் மறுபடி சொன்னேன். லோகேஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"ஐயோ, இவ்ளோ பெரிய புள்ளையா?"

அண்ணன் சிரித்துக்கொண்டே என் பெயரைத் தட்டினார். அது பச்சையானது. "ஏறு ஏறு. பேரு கூப்பிட்டாச்சுல்ல?"

வினிஷா தன் பையை மடிக்கு மாற்றிக்கொண்டு, பக்கத்து இருக்கையைக் காலி செய்தாள். கடைசிச் சந்திவரை அவளைப் போலவே நானும் பையை மடியில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

4. அழித்தது

கோடை ஒன்றாக்குங்கள். ஒரே ஸ்கிரீனை இரண்டு டேப்பில் என்ன, பத்து டேப்பிலும் பயன்படுத்தலாம். ஆனால் அதைப் பயன்படுத்தும் மனிதரின் ஒரு முழு நாளையும் இடையில் மூடாமல் நடந்து பாருங்கள். யார் இருக்கிறார், யார் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கும்படி எழுதுங்கள். முன்பே தெரிந்ததுபோல் ஒரு திரை நடந்துகொண்டால், அதன்பின் யாரும் கேட்க மாட்டார்கள். இந்த வேலையில் நான் கற்றது இதுதான்.

சோதனைக்குப் போட்ட பெயரை அழித்துவிட வேண்டும் என்பதும் விதி. வியாழக்கிழமை காலை ஏர்கானைப் போட்டுவிட்டு நான் செய்த முதல் வேலை அதுதான். இல்லாத ஒரு பிள்ளை அந்தப் பட்டியலில் இருக்கக்கூடாது.

அன்று மதியம் ஒன்றே முக்காலுக்குப் போன் வந்தது.

"தங்கச்சி, ஒன் பேரக் காணோமே?"

அழித்துவிட்டதையும் அதன் காரணத்தையும் சொன்னேன்.

"நீ அழிச்சிக்க. எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு, நான் கூப்பிட்டுட்டேன். புள்ளைங்க ஆப்சென்ட் போட்டுருச்சுங்க. வினிஷா மட்டும், அந்த அக்கா தூரத்துல இருக்காங்க அங்கிள், கேட்டிருக்காதுன்னு சொல்லுது."

மாடியில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் போனைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னேன்.

"கேட்டுச்சுன்னு சொல்லுங்க அண்ணே."