கேப்டனின் காலும் என் காமாலையும்

உத்திரமேரூர் பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னாலேயே அறை, தனியாள். ஊரே கிரிக்கெட் பேசும், எனக்கோ கால்பந்துப் பைத்தியம். பிரவுசிங் சென்டர் வந்த புதிதில் ஓர் இணைய விளையாட்டில் சேர்ந்தேன். வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் பதினோரு பேரை நம் அணியாகத் தேர்ந்தெடுத்து, அவர்களில் ஒருவரைக் கேப்டனாக்க வேண்டும். நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்ப நமக்குப் புள்ளி. எங்கள் குழுவில் இருபது பேர், யார் முகத்தையும் பார்த்ததில்லை. சனிக்கிழமைதோறும் அணியை மாற்றிவிட்டு அவர்களோடு அரட்டை அடிப்பதுதான் எனக்கிருந்த பேச்சுத்துணை.

ஒருமுறை மஞ்சள் காமாலையில் மூன்று வாரம் படுத்துவிட்டேன். எழுந்ததும் ஆவலாகச் சென்டருக்குப் போய்த் திறந்தால், குழுவில் நிறையச் செய்திகள். "உன் கேப்டனுக்குக் காலில் அடி, தெரியாதா?" "அவனை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய்?" எல்லாம் அவன் காலைப் பற்றியே. என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

சென்டர் நடத்தும் சேகர் அருகில் வந்தார். "இன்னா பாய், மூணு வாரமா ஆளையே காணோம்? கண்ணு வேற மஞ்சளா கீது."

குழுவினரைத் திட்டி எழுதத் தொடங்கியபோதுதான் புள்ளிப் பட்டியலின் அடியில் பார்த்தேன். ஒருவர் இரண்டு மாதமாக அணியை மாற்றவில்லை. அவருக்கு நான் எழுதியிருந்தது: "தூக்கமா? கோல்கீப்பரை மாத்துப்பா."

திட்டியதை அழித்தேன். இப்போதெல்லாம் என் அணியைத் தொடுமுன், யாருடைய அணி மாறாமல் கிடக்கிறது என்று பார்த்து, "உடம்பு நல்லா இருக்கா?" என்று எழுதுகிறேன். அவருக்கும் வாராவாரம் எழுதுகிறேன். பதில் வரவில்லை. அவருடைய பதினோரு பேர் மட்டும் புள்ளி சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.