பூ மட்டும் இருந்த அட்டை

இந்த நினைவு மலரின் முகப்பைப் பார்த்ததும், இடப்பக்கத்தில் அச்சு விழவில்லையோ என்று நினைத்திருப்பீர்கள். அச்சகத்தார்மீது தவறில்லை. அக்கா கடைசியாகச் செய்த வாழ்த்து அட்டைகள் இப்படித்தான் இருந்தன. முகப்பைச் செய்தவள் என் மகள். அதை அவள் என்னிடம் நீட்டிய நாளிலிருந்து எனக்குச் சரியான உறக்கமில்லை.

அக்கா வலங்கைமானுக்கு அருகே ஒரு சிற்றூரில், எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். கதிர் முற்றி நின்ற சம்பா வெள்ளத்தில் மூழ்கிய வருடமே அப்பாவும் காலமானார். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, தஞ்சாவூரில் கல்யாணப் பத்திரிகைக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்து, அம்மாவையும் என்னையும் காத்தவர் அக்கா. அத்தானை மணந்த பின்னும் அந்த வேலையை விடவில்லை.

முகூர்த்த மாதங்கள் முடிந்ததும் கடையில் கழித்துப்போடும் மாதிரிப் பத்திரிகைகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். கொடி, மாங்காய், கட்டம், புள்ளி என்று விதவிதமான தாள்கள். அவைதான் உங்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் அட்டைகளாக வந்தன. பச்சைக் கோடுகளை மெலிதாக நறுக்கி நாற்று நடுவார். நீலப் புள்ளித்தாள் மழையாகும். உறையின் உட்புறம் தொடங்கும் கொடி, அட்டையின் இடது ஓரத்தில் ஏறி, வலது மூலையில் பூத்து முடியும்.

“பூப்போட்ட தாள் ஓயாம வாயடிக்கும்டி. பக்கத்துல ஒரு வெள்ளைத் தாள வை, அடங்கிரும்” என்பார்.

அந்தக் கடைசிப் பொங்கலுக்கு வந்த அட்டைகளில் கொடி இல்லை. வலப்பக்கம் பூ மட்டும். இடப்பாதி முழுக்க வெள்ளை. சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார்.

“என்னம்மா, பாதிதான் வந்துருக்கு. மீதியத் தனித் தபால்ல அனுப்புவியா?”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

“முழுசாத்தானே ஒட்டுனேன் சித்தப்பா?” என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்ததை வைத்துத்தான் நாங்கள் ஏமாந்தோம். வெள்ளைத் தாளால் பூவை அடக்கியிருக்கிறார், என்ன கற்பனை என்று மெச்சினோம். அலமாரியில் எடுத்தும் வைத்தோம்.

மாசியில் உறவில் ஒரு வளைகாப்பு. பந்தியில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பரிமாறியவரை அக்கா அழைத்தார்.

“ஏங்க, ஊறுகா வைக்கலீங்களே?”

“வச்சாச்சுங்க. இலையப் பாருங்க.”

சற்று நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். ஊறுகாயும் உப்பும் இனிப்பும் இலையின் இடது மூலையில் வைத்தபடியே இருந்தன. வலப்பாதி வழித்ததுபோல் காலி. சோறு நடுவில் வெட்டி நிறுத்தியதுபோல் நின்றது. என் கண்ணுக்கு அது அந்தப் பொங்கல் அட்டையாகவே தெரிந்தது. அவர் இலையைத் திருப்பி வைத்தேன்.

“அட, இங்கயா இருக்கு!” என்று குழந்தைபோல் சிரித்தார் அக்கா.

மூளையின் வலப்பக்கத்தில் கட்டி என்றார்கள். கண் பார்த்தாலும் இடப்பக்கம் ஒன்று இருப்பதே அவர் நினைவில் ஏறாது என்று மருத்துவர் விளக்கினார். அறுவைச் சிகிச்சையும் கைகொடுக்கவில்லை. கடைசி நாட்களில் நாங்கள் எல்லோரும் கட்டிலின் வலப்பக்கமாகவே நெருக்கி நின்றோம். ஆற்றில் தண்ணீர் வருமுன் அக்கா போய்விட்டார்.

மிச்சமிருந்த தாள்களை என் மகள் எடுத்துக்கொண்டாள். இந்த முகப்பை அவள் கொண்டுவந்தபோது வெறுமையாக இருந்த இடப்பாதியைத் தடவிப் பார்த்தேன்.

“இந்தப் பக்கம் என்னடி ஆச்சு?”

“பெரியம்மா கடைசியாப் பண்ண மாதிரிதாம்மா பண்ணேன்.”

அவளுக்கு இடப்பக்கமாக என் கையை நீட்டினேன். “இங்க என்ன இருக்கு, சொல்லு.”

“உன் கைதான். எத்தனை தடவம்மா கேப்ப? பயமா இருக்கு.”

மருத்துவரிடமும் காட்டிவிட்டேன். ஒன்றுமில்லை என்றார். ஆனாலும் தினமும் அவள் தட்டின் இடது ஓரத்தில் ஊறுகாயை வைத்துவிட்டு, அவள் கை அங்கே போகும்வரை நின்று பார்க்கிறேன்.

தட்டைத் திருப்பித் திருப்பி அக்காவுக்கு ஊட்டிய அத்தானுக்கும், இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், மருத்துவமனைக்குச் சோறு கொண்டுவந்த கடைத் தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று படையல் முடிந்து பந்தியில் அமரும்போது, பக்கத்தில் இருப்பவரின் இலையில் இடது மூலையை ஒருமுறை பாருங்கள்.

நான் என் மகளின் பக்கத்தில்தான் உட்காரப் போகிறேன்.