குசினி வெளிச்சம்

போன குளிர்காலத்தில், ஜெர்மனியின் சவர்லாண்ட் மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்தது இது. கணவருக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் கைக்குழந்தையோடு வுப்பர்டால் நகரத்தை விட்டு வந்திருந்தோம். எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மற்ற வீடுகளில், பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட, வயதானவர்கள் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள்.

ஜன்னலுக்கு வெளியே ரோலாடன் என்று ஒரு தட்டி இருக்கும். இறக்கினால் அறை இருட்டாகிவிடும். விடிந்ததும் அதை ஏற்றிவிட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ஏறாவிட்டால், உள்ளே இருப்பவருக்கு என்னவோ ஏதோ என்று அயலவர் வந்து மணி அடிப்பார்கள். எனக்கு அது தெரியாது. மகள் தூங்கட்டும் என்று பகலிலும் இறக்கியே வைத்திருந்தேன். அவள் கண்ணயரும் நேரமாகப் பார்த்து மணி அடிக்கும். கதவைத் திறந்தால் எதிர்வீட்டு அம்மா, "சுகமாய் இருக்கிறீங்களோ?" என்பார். இரவெல்லாம் நித்திரையில்லாத எனக்கு அழுகைதான் வரும். வேவு பார்க்கிறார்களோ என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள், "தட்டி இறங்கியிருந்தால் பிள்ளை தூங்குது. மணி அடிக்காதேங்கோ" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு மணி அடிக்கவே இல்லை. கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று கணவரைக் கேட்டுக் கேட்டு அரித்தேன்.

"விடுமப்பா. இனியாவது படுத்து நித்திரை கொள்ளும்" என்றார் அவர்.

சில வாரங்களில் அவர் வேலைப் பயிற்சிக்காக வேறு நகரம் போனார். அந்த நேரம் எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. காலையில் மகளைத் தூக்க எழுந்தவள், தலைசுற்றிக் கட்டிலருகே விழுந்துவிட்டேன். அவள் கட்டிலில் வீரிட்டு அழுதாள். கைபேசி குசினியில், அடுப்புப் பக்கம் கிடந்தது. கையை உயர்த்தி, அவள் விழாமல் தடுத்துப் பிடிக்க மட்டுமே முடிந்தது. அந்தக் கையும் மெல்ல மரத்துப்போனது. தட்டி இறங்கியிருந்தது. யாரும் வரமாட்டார்கள், வரவேண்டாம் என்று சொன்னவளே நான்தானே.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு, பூட்டாத பின்கதவு கிறீச்சிட்டது. எதிர்வீட்டு அம்மா உள்ளே ஓடிவந்தார். பின்னால் மூச்சுவாங்கியபடி அவருடைய கணவர்.

"நாங்கள் மணி அடிக்கேல்லை, பாருங்கோ" என்றார் அந்தப் பெரியவர்.

"பகிடியைப் பிறகு விடும். முதல்ல பிள்ளையைத் தூக்கும்" என்று அம்மா அதட்டினார்.

வைத்தியர் வரும்வரை அம்மா என் தலைமாட்டிலேயே இருந்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். நான் மணி வேண்டாம் என்ற நாளிலிருந்து தட்டியை விட்டுவிட்டு, எங்கள் குசினி ஜன்னலைப் பார்த்து வந்திருக்கிறார்கள்.

"விடியமுன்னமே அங்கை லைட் எரியும். இண்டைக்கு எரியேல்லை" என்றார்.

களைப்பு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஒன்றைச் சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று குழம்புவதும் மாறவில்லை. ஆனால், ஒருவருடைய சொல்லை மதித்துக்கொண்டே அவரைக் கைவிடாமலும் இருக்க முடியும் என்று அன்று கண்டேன்; அப்படி ஒரு அயலவளாக இருக்க எனக்கு எப்போது வருமோ என்றுதான் இப்போது யோசிக்கிறேன்.