டைல்ஸ் போட வந்தவர்

சிறையில் அவளை எல்லோரும் ஊசி போடாத டாக்டரம்மா என்பார்கள். அவள் டாக்டர் அல்ல. தடயவியல் உளவியல் படித்தவள். முன்கூட்டியே விடுதலை கேட்கும் கைதிகளோடு உட்கார்ந்து பேசி, வெளியே விட்டால் மறுபடி யாருக்காவது ஆபத்து வருமா என்று அறிக்கை எழுதுவதுதான் வேலை.

பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பில் சேர்ந்தபோது வகுப்பு நிரம்பி வழிந்தது. கொலைகாரன் கண்ணைப் பார்த்தே உண்மையைக் கறந்துவிடலாம் என்ற நினைப்பில் வந்தவர்கள், புள்ளியியல் பாடத்தைக் கண்டதும் வேறு துறைக்கு ஓட்டம் பிடித்தார்கள். மிஞ்சியவர்களில் ஒருத்தி, நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வரும் குழந்தைகளோடு வேலை செய்கிறாள். ஒருவன் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுக்கிறான். சிறார் இல்லத்துக்குப் போன தோழி, மனசு தாங்காமல் மாமனாரின் துணிக்கடையில் உட்கார்ந்துவிட்டாள். இவள்தான் சிறையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "உனக்கு நெஞ்சழுத்தம்டி" என்றார்கள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

அவளிடம் வந்தவர்களில் ஒருவர் டைல்ஸ் போடுகிறவர். குடிபோதையில் மனைவியின் கழுத்தை நெரித்துக் கொன்றவர். தரையோடு முடுக்கிய மேசைக்கு அந்தப்புறம் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

"இந்தக் கைய மறைச்சு வெச்சா நீங்க இதையேதான் நெனச்சிட்டிருப்பீங்க" என்று முதல் நாளே சொன்னார்.

சாக்குச் சொல்லவில்லை. அழுதும் காட்டவில்லை. குடியை விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. பல மாதம் பேசிய பிறகு, ஆபத்து குறைவு என்று எழுதினாள். கண்காணிப்போடு அவரை வெளியே விட்டார்கள்.

அடுத்த வருஷம் ஒருநாள் மதியமே வீட்டுக்கு வந்தவள், குளியலறையில் டைல்ஸைத் தட்டும் சத்தம் கேட்டாள். அம்மா தண்ணீர்ச் செம்போடு குளியலறை வாசலில் நின்றாள்.

"எதிர்வீட்டுல சொல்லி வரவழைச்சேன்டி. தம்பி கை என்ன சுத்தம் பாரு."

உள்ளே குந்தியிருந்தவர் திரும்பினார். அவளைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. பிறகு, "வணக்கம் மேடம்" என்றார், முன்பின் பார்க்காதவரைப் போல. அவளும் தலையசைத்தாள். வேலையில் தெரிந்ததை வீட்டில் சொல்லக் கூடாது, அது விதி. இவள் சொல்லவில்லை. அவர் ஏன் சொல்லவில்லை என்று சோறு இறங்காமல் யோசித்தாள். தெரியாமல்தான் வந்தாரா?

மறுநாள் லீவு போட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா கடைக்குக் கிளம்பினாள். தடுக்கக் காரணம் எதுவும் வாயில் வரவில்லை. கதவு சாத்தியதும் தட்டும் சத்தம் நின்றது. குளியலறைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"உங்க வீடுன்னு தெரியாமத்தான் வந்தேன் மேடம். பாதியில விட்டுப் போனா அம்மா ஏன்னு கேப்பாங்க."

"சரி."

"எனக்காகத்தானே லீவு?"

அவள் பதில் சொல்லவில்லை. பேசாமல் இருந்தே எதிரில் இருப்பவரைப் பேச வைப்பது எப்படி என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இது அந்த மௌனம் இல்லை. வாசல் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ரூம்ல நீங்க பயந்ததே இல்ல" என்றார்.

"அங்க காவலரைக் கூப்பிட மேசைக்கடியில மணி இருந்துச்சு."

"தெரியும்."

தட்டும் சத்தம் மறுபடி தொடங்கியது. அம்மா திரும்பும்வரை அவர் வெளியே வரவேயில்லை. வேலை முடியாமலா, அவளுக்காகவா என்று அவளால் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் சிந்திய சிமெண்டைத் துடைத்துவிட்டு, அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

விதிப்படி அவள், விடுதலையானவர்களைக் கண்காணிக்கும் நன்னடத்தை அதிகாரியிடம் விஷயத்தைத் தெரிவித்தாள்.

"மிரட்டினாரா?"

"இல்ல சார்."

"முறைச்சாரா?"

"இல்ல. வேலைய ஒழுங்கா முடிச்சாரு."

"அப்புறம் என்ன?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எதற்கு வம்பு என்று அதிகாரி, அவர் அவள் வீட்டுப் பக்கமே வேலைக்குப் போகக் கூடாது என்று தடை போட்டுவிட்டார். அம்மா சொல்லித்தான் அந்தத் தெருவில் அவருக்கு வேலைமேல் வேலை வந்திருந்தது. எல்லாம் ஒரே நாளில் போயிற்று. "அந்தத் தம்பி ஃபோனே எடுக்க மாட்டேங்குது" என்று அம்மா அங்கலாய்க்கும்போதெல்லாம் அவள் எழுந்து போய்விடுவாள்.

மனசு கேட்கவில்லை. தடையை எடுக்கச் சொல்லி மறுபடி அதிகாரியிடம் போனாள்.

"நீங்கதானே அவரால ஆபத்து இல்லன்னு எழுதினீங்க?"

"இப்பவும் அதைத்தான் சொல்றேன்."

"அப்ப உங்களுக்குப் பயமில்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. எடுத்துடறேன்."

பேனாவை வாங்கினாள். அவரால் ஆபத்தில்லை என்பது உண்மை. அவரைக் கண்டு பயந்ததும் உண்மை. அன்று வெளியே வராமல் குளியலறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்த அந்த மனிதரை நினைத்தாள். எழுத வரவில்லை. பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

அவர் வேறு ஊருக்குப் போய்விட்டதாகப் பிறகு காதில் விழுந்தது. அவள் அந்த வேலையில்தான் இருக்கிறாள். இப்போதெல்லாம் கைதி உள்ளே வரும்போது மணி இருக்கும் பக்கத்தில் உட்காருவதில்லை. பயமாகத்தான் இருக்கிறது. அப்படியே பேச ஆரம்பிக்கிறாள்.