நந்தியாவட்டைப் புழுவும் நானும்

வாழைநாரை நனைத்து வைத்து, நந்தியாவட்டை மொட்டு ஆய்ந்துகொண்டே இடையிடையே இதை எழுதுகிறேன். பூ விற்கிறவளின் வாசலுக்கு ஆட்களைவிடப் புழுதான் கூட வரும். வளவில் நாலு செடி வைத்திருக்கிற உங்களுக்கும் இது தெரியாததில்லை.

முறைத்த புழு

சுனாமியில் கடல் அடித்த பிறகு பெரியகல்லாற்றில் எங்களுக்குக் கிடைத்த புது வீட்டைச் சுற்றி நந்தியாவட்டைதான் வைத்தேன். மாலை கட்டி விற்றுத்தான் சீவியம். அம்மன் கோயில் சடங்குக்கு மாலை கேட்டிருந்த நேரம் பார்த்தால், வேலியோரச் செடி வெறும் ஈர்க்காக நிற்கிறது. பெருவிரல் மொத்தத்தில் ஒரு பச்சைப் புழு, தலைப்பக்கம் இரண்டு நீலக் கண்ணோடு. கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக் கனகக்கா ஓடி வந்து பார்த்துச் சிரித்தா. “கடலையே கண்ட நாம இதுட கண்ணுக்குப் பயப்படுறதாகா?”

அத்தானின் போத்தல்

உன்னிச்சையில் வயல் செய்கிற என் அக்காவின் புருசன், நெல்வட்டைக்கு அடிக்கிற பூச்சிமருந்தில் ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தார். அடித்தால் மாலை தப்பும். ஆனால் என் மகள் தவழ்கிற வயது. செடிக்குக் கீழேதான் கிடப்பாள், எட்டியதெல்லாம் வாய்க்குள். அத்தானோடு எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. வாங்கிக் கூரை முகட்டில் செருகிவிட்டேன்.

அடுத்த முறை வந்தவர் செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மருந்து அடிக்கல்லயா? அப்ப பூ யாவாரத்த விட்டுட்டுப் புழு யாவாரம் செய் மச்சி.”

பால்மா டின்

வன்னியில் சண்டை முடிகிற நேரம். ரேடியோவைப் போட்டாலும் மனம் ஒரு இடத்தில் நிற்காது, நிறுத்தினாலும் நிற்காது. விடிந்தால் செடி செடியாகப் புழு பொறுக்குவேன். நசுக்க மனம் வராது. டின்னில் போட்டு வாவிக்கரைப் பற்றைக்குள் விடுவேன். ஒருநாள் பாலத்தடி ஆமிக் காவல் சென்றியில் மறித்தார்கள். இடுப்பில் பிள்ளை, கையில் மூடிய டின். மூடிய டின் என்றால் அவர்களுக்குக் குண்டு. சின்ன வயது ஆமிக்காரன், திறக்கச் சொல்லிக் குனிந்தான். ஒரு புழு தலையைத் தூக்கியது. பின்னுக்குப் பாய்ந்தான். “மூடு அக்கா, மூடு! என்னைப் பாக்குது!”

சாண் குறைந்த மாலை

சடங்கன்று பூ போதவில்லை. இனி டவுனில் வாங்குவோம் என்று கோயிலார் சொல்லிவிட்டால் என் அடுப்பு எரியாது. பூசை செய்கிற கப்புகனாரிடம் மாலையைக் கொடுத்து, புழு தின்றதையும் மருந்து அடிக்காததையும் நிலத்தைப் பார்த்தபடி சொன்னேன். அவர் அம்மனுக்குச் சாத்திவிட்டு வந்தார். “அம்மாள் முழம் போட்டுப் பாக்கிறதில்ல மகள். அடுத்த கிழமையும் நீயே கொண்டா.”

ஆகவே, புழு நமக்கு வேண்டியதா வேண்டாததா என்று கேட்டால், மருந்தடிக்காத வளவில் பிள்ளை எதை எடுத்து வாயில் வைத்தாலும் தாய்க்காரி நிம்மதியாக இருக்கலாம் என்று நான் துணிந்து, பொறுங்கள், கனகக்கா கத்துகிறா, “இஞ்ச ஓடி வாகா, உன்ட மகள் பச்சையா என்னத்தையோ மெல்லுறாள்!” என்று, நான் போய்