நான் அழித்த கோபுரம்

நோர்வேயில் மனிதர்கள் தங்கள்மேல் தாங்களே முறைப்பாடு எழுதிக் கொடுக்கிறார்கள். அதற்கு ‘அவ்விக்’ என்று பெயர். நடக்கவேண்டியபடி நடக்காத எதுவும் அவ்விக்தான். எங்கள் அலுவலகக் குசினியில் ஒருவர் குளிர்சாதனப் பெட்டியை ஒழுங்காகச் சாத்தாமல் வீட்டுக்குப் போய்விட்டார். பால் பழுதாகிவிட்டது. மறுநாள் காலை பெயர், நேரம், காரணம் எல்லாம் போட்டு அவரே அவ்விக் எழுதியிருந்தார். மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் அவருக்கு நன்றி சொன்னார். ஊரில் நாங்கள் என்றால் பெட்டியின் கதவில்தான் குறை என்று சத்தியம் பண்ணியிருப்போம். பதினாறு வருடம் இங்கே இருந்தும் நான் ஒரு அவ்விக்கும் எழுதியதில்லை. பிழை விடாதவன் என்று பெயர் எடுத்திருந்தேன். உண்மையில் எழுதப் பயந்தவன்.

விமானங்களில் இருக்கும் வழிகாட்டிக் கணினிகளுக்குத் தரவு தயாரிப்பது எங்கள் வேலை. ஓடுபாதை எங்கே தொடங்குகிறது, எந்தப் புள்ளியில் திரும்பவேண்டும், வழியில் நிற்கும் மலையும் கோபுரமும் எவ்வளவு உயரம் என்ற விபரமெல்லாம் இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு ஒரு வியாழக்கிழமையில் நடைமுறைக்கு வரும். பழைய பதிவும் புதிய பதிவும் முட்டிக்கொண்டால் கணினி எங்களைக் கேட்கும். ஒருவர் முடிவெடுக்க, இன்னொருவர் அதைத் தனியே பார்த்து ஒப்பமிடவேண்டும். எனக்கு ஒப்பமிடுபவர் பக்கத்து மேசைப் பெண் சிக்ரித். கோபுரம் தரவில் இருந்தால், விமானம் அதை நெருங்கும்போது கருவி குரல் கொடுத்து எச்சரிக்கும். தரவில் இல்லாவிட்டால் கருவிக்கு அங்கே வெறும் ஆகாயம்தான். முகிலுக்குள் இருக்கும் விமானிக்கும் அப்படித்தான்.

போன கார்த்திகையில் என் திரையில் திருகோணமலை வந்தது. சீனக்குடா ஓடுபாதைக்குச் சிறிய விமானங்கள் ஓட்டும் ஒரு நிறுவனத்துக்கு நாங்கள் தரவு கொடுக்கிறோம். சாம்பல்தீவில் ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்பதாகப் புதிய அறிவித்தல் வந்திருந்தது. கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்ற கோபுரம் விழுந்துவிட்டதாகப் பழைய பதிவு ஒன்றும் இருந்தது. அந்தப் பழைய கோபுரம்தான் தவறுதலாகத் திரும்ப வந்திருக்கிறதா என்று கணினி கேட்டது. இப்படி வந்தால் அந்த நாட்டுக்கு எழுதிக் கேட்கவேண்டும் என்பது ஒழுங்கு. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் ஊரைப் பற்றி நான் கொழும்புக்கு எழுதிக் கேட்பதா! சண்டைக் காலத்தில் அந்தக் கோபுரம் சரிந்து கிடந்ததைக் கண்ணால் கண்டவன் நான். அதன் இரும்பில் ஆடு கட்டினோம். அம்மா உடுப்புக் காயப்போட்டார். ‘கோபுரம் இல்லை’ என்று எழுதிப் புதிய பதிவை அழித்தேன். காரணம் கேட்ட இடத்தில் ‘நேரில் அறிந்தது’ என்று போட்டேன்.

“நிச்சயமா?” என்று கேட்டார் சிக்ரித்.

“நான் பிறந்த இடம்” என்றேன். அவர் ஒப்பமிட்டார்.

அந்தத் தரவு நடைமுறைக்கு வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில், சாம்பல்தீவிலிருந்து தங்கை வீடியோவில் வந்தாள். புது வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று, அதைக் காட்டவேண்டும். ஊரில் பொழுதுபடும் நேரம். போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். ஓடு தெரிந்தது, முற்றம் தெரிந்தது, பனைகளுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கும் தெரிந்தது.

“அது என்ன சிவப்பு லைட்?”

“டவர், சின்னண்ணா. இப்பதான் கட்டி முடிச்சவங்கள்.”

“எந்த டவர்? அது விழுந்தெல்லோ கிடந்தது?”

“ஐயோ, அந்த இரும்பை எப்பவோ வெட்டிக் கொண்டு போயிட்டாங்கள். இது புதுசு, அதைவிடப் பெரிசு. முந்தி உங்களோட இப்பிடிக் கதைக்க ஏலாதே, வெட்டி வெட்டிப் போகும். இப்ப பாருங்கோ, எவ்வளவு கிளியர் எண்டு!”

நான் அழித்த கோபுரத்தின் வழியாகத்தான் அவள் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“என்ன, முகம் ஒரு மாதிரிப் போச்சு? வீடு பிடிக்கேல்லையோ?” என்றாள். நல்ல வடிவான வீடு என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஊரில் மாரி, முகில் பதிந்து கிடக்கும் காலம். ஞாயிற்றுக்கிழமை ஒரு விமானம் அங்கே இறங்கவேண்டும். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. அடுத்த புதுப்பிப்பில் ஓசைப்படாமல் கோபுரத்தைத் திரும்ப ஏற்றிவிடலாம். ஒருவருக்கும் தெரியவராது, ஆனால் அதுவரை விமானங்கள் அந்தக் கோபுரத்தை அறியாமல் பறக்கும். அல்லது இப்போதே அவ்விக் எழுதலாம். உடனே விமானிகளுக்கு அவசர அறிவித்தல் போகும், ஆனால் அவ்விக்கின் அடியில் என் பெயர் இருக்கும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் படிவத்தின் முன்னால் நான் ஒரு மணித்தியாலம் இருந்தேன்.

பெரியண்ணாவை இருபது வயதில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளை நீட்டி, ஒப்பமிட்டால் விட்டுவிடுவோம் என்றார்கள். போட்டார். செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொண்ட தாள் அது என்பது பிறகுதான் தெரிந்தது. நாலு வருடம் உள்ளே இருந்தார். இப்போது கந்தளாயில் வயல் செய்கிறார். பிள்ளைகளின் பள்ளிக்கூட அறிக்கையில்கூட அண்ணிதான் ஒப்பமிடவேண்டும், அவர் பேனையைத் தொடமாட்டார். பெயரையும் குற்றத்தையும் ஒரே தாளில் வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஊறிப்போனது.

சிக்ரித் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன்.

“வேலை போய்விடும் என்று பயப்படுகிறாயா? போகாது” என்றார்.

“பெயர் போடத்தான் வேண்டுமா?”

“பெயர் இல்லாவிட்டால் பிறகு யாரைக் கூப்பிட்டு விசாரிப்பது?”

அன்பாகத்தான் சொன்னார். பெரியண்ணாவையும் ‘விசாரிக்க’ என்றுதான் கொண்டு போனார்கள். நான் ஏன் சட்டென்று எழும்பி நின்றேன் என்று அவருக்கு விளங்கவில்லை. கோப்பி வேண்டுமா என்று கேட்டார். பிறகு படிவத்தை எட்டிப் பார்த்து, “நானும் ஒப்பமிட்டவள்தானே, என் பெயரையும் எழுது” என்றார். ஏதோ கல்யாண அழைப்பிதழில் பெயர் சேர்க்கச் சொல்வதைப்போல அவ்வளவு இலகுவாகச் சொன்னார். அந்த இலகு எனக்கு எந்தக் காலத்திலும் வராது. ஆனால் அந்த விமானம் தங்கையின் புதுக் கூரைக்கு மேலாகத்தான் வரப்போகிறது. எழுதினேன். ‘ஏன் நடந்தது?’ என்ற கேள்விக்கு, ‘பதினாறு வருடத்துக்கு முன் பார்த்ததை இன்றைய நிலை என்று எழுதிவிட்டேன்’ என்று போட்டு அனுப்பினேன்.

ஒரு மணித்தியாலத்துக்குள் அவசர அறிவித்தல் போனது. ஞாயிறு விடிந்ததிலிருந்து திரையில் அந்த விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விமானிகள் வழக்கத்தைவிட உயரத்தில் வந்து பத்திரமாக இறங்கினார்கள். திங்கட்கிழமை மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் எனக்கு நன்றி சொன்னார். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். ஒருவரும் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் ஒரு புது விதி வந்தது: பிறந்த நாட்டின் தரவை யாரும் கையாளக்கூடாது. நியாயமான விதி. என்னைக் கேட்டிருந்தால் நானே அதை எழுதிக் கொடுத்திருப்பேன். இப்போது திருகோணமலைக் கோப்பை நான் திறந்து பார்க்கலாம், ஒரு எழுத்தும் மாற்ற ஏலாது. என் ஊரைச் சிக்ரித் கவனிக்கிறார்.

போன வாரம் குச்சவெளிக் கரையோரத்தில் இரண்டு பதிவுகள் முட்டிக்கொண்டன. சிக்ரித் கேட்பதற்கு வாயைத் திறந்துகொண்டு என் பக்கம் பாதி திரும்பினார். விதி நினைவுக்கு வந்திருக்கவேண்டும், அப்படியே திரும்பிக் கொழும்புக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். அந்தக் கரையோர வீதியின் ஒவ்வொரு வளைவும் பஸ்ஸில் போய் எனக்கு மனப்பாடம். பதில் நுனி நாக்கில் நின்றது. அது இன்றைக்கும் சரியான பதில்தானா என்று எனக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டு, ஐஸ்லாந்தின் ஓடுபாதை ஒன்றைச் சரிபார்க்கத் தொடங்கினேன். அந்த நாட்டில் நான் கால் வைத்ததே இல்லை. அதனால் அங்கே என் சொல்லை நம்புகிறார்கள்.